வெளிச்சம் பார்த்துப் படம் எடுப்போம்

உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். அங்கே தாத்தா, பாட்டியின் படம் இருக்கிறதா? பல வீடுகளில் இருக்காது. வாக்காளர் அட்டைக்கு எடுத்த சின்னப் படம்தான் இருக்கும். அதில் முகம் விறைப்பாக இருக்கும். பெரியவர் காலமான பிறகு அதையே பெரிதாக்கி மாலை போடுகிறோம். அவர் சிரித்த முகம் நமக்குக் கிடைப்பதில்லை.

முன்பு படம் எடுப்பது செலவான காரியம். ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம்தான் எடுக்கலாம். கழுவி, அச்சுப் போட்ட பிறகே படம் எப்படி வந்தது என்று தெரியும். இன்று செல்போனிலேயே கேமரா இருக்கிறது. எடுத்த உடனே பார்க்கலாம். சரியில்லை என்றால் மறுபடி எடுக்கலாம். ஆகவே நாமே கற்றுக்கொள்ளலாம். முதலில் கற்க வேண்டியது வெளிச்சத்தைப் பற்றி.

உச்சி வெயில் வேண்டாம்

பெங்களூரில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். நேராக நட்ட குச்சியின் நிழல் பக்கத்தில் விழாது. இதை நிழலில்லா நாள் என்பார்கள். அந்த நேரத்தில் ஒருவரைப் படம் எடுத்தால் என்ன ஆகும்? வெளிச்சம் நெற்றியிலும் மூக்கிலும் விழும். புருவத்தின் நிழல் கண்ணை மறைக்கும். கண் இருக்கும் இடம் கறுப்புக் குழிபோலத் தெரியும். கோடை நடுப்பகல் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான்.

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் வெயில் சாய்வாக வரும். சூடும் குறைவு. அதுவே நல்ல நேரம்.

நிழலின் ஓரம் நல்லது

லால்பாக் தோட்டத்தை ஹைதர் அலி 1760-இல் தொடங்கினார். இன்று அது 240 ஏக்கர். பெரிய மரங்கள் நிறைந்த இடம். அங்கே ஒரு பேரன் தன் பாட்டியைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

"பாட்டி, வெயிலைப் பார்த்து நில்லு."

"கண்ணு கூசுதுடா."

"சரி, மரத்தடிக்கு வா."

இப்போது இலைகளின் இடையே வந்த வெயில் பாட்டியின் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது. இதுவும் சரியில்லை. பாட்டி நிழலின் ஓரத்துக்கு வர வேண்டும். உடம்பு நிழலில் இருக்கட்டும். முகம் திறந்த வெளியைப் பார்க்கட்டும். அப்போது வெளிச்சம் முகம் முழுவதும் சீராகப் பரவும்.

இவற்றையும் கவனியுங்கள்

1. கேமராவின் கண்ணாடியைத் துணியால் துடையுங்கள்.

2. நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும்.

3. அவர் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். கேமரா அவர் கண் உயரத்தில் இருக்கட்டும்.

4. பின்னால் வெள்ளைச் சுவரோ பளிச்சென்ற வானமோ இருந்தால் முகம் இருண்டுவிடும். செல்போன் திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். முகம் தெளியும்.

5. முகத்தை வெள்ளையாக்கிக் காட்டும் வசதி வேண்டாம். பாட்டியின் நிறம் பாட்டிக்குச் சொந்தம். சுருக்கமும் அப்படியே.

6. தெரியாதவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குழந்தை என்றால் பெற்றோரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பெண்களும் கற்கலாம்

ஹோமாய் வியாரவாலா 1913-இல் குஜராத்தில் பிறந்தார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் இவரே. ஆண்களே நிறைந்திருந்த தொழிலில் சேலை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைச் சுமந்து வேலை செய்தார். 2011-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2012-இல் காலமானார்.

பெயர் எழுதி வையுங்கள்

செல்போன் தொலைந்தால் படமும் தொலையலாம். நல்ல படம் ஒன்றையாவது கடையில் அச்சுப் போடுங்கள். பின்பக்கத்தில் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். எழுதாத படத்தைப் பார்த்து, 'இவர் யார்?' என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். அன்று பதில் சொல்ல ஆள் இருக்காது. நாம் கற்ற எழுத்துதான் பதில் சொல்லும்.

பயிற்சி

1. நடுப்பகலில் எடுத்த படத்தில் கண் ஏன் சரியாகத் தெரிவதில்லை?

2. மரத்தடியில் எந்த இடத்தில் நிற்க வைக்க வேண்டும்?

3. உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரைப் படம் எடுங்கள். அவரைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள்.