மலைக்கல்லும் மருத்துவமனையும்

வைத்தியசாலை என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? நீண்டு இருண்ட நடைக்கூடம், அதன் இருமருங்கும் கதவுகள், சுவரோரமாக விசிப்பலகைகளில் நெருங்கி அமர்ந்து இருமிக்கொண்டிருக்கும் நோயாளிகள். இத்தோற்றம் எத்துணைத் தீங்குடையது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. க்ஷயரோகி ஒருவன் இருமுங்கால் வெளிப்படும் நுண்துளிகள் காற்றோட்டமில்லாத அறையில் பல நாழிகை மிதந்து நிற்கும். காலை முறிந்து வந்தவன் காசநோயைப் பெற்று வீடு திரும்புதலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெரி என்னும் சிற்றூரில் மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத காசநோய் பரவியதை 2006ஆம் ஆண்டில் உலகம் அறிந்தது. முதலிற் கண்டறியப்பெற்ற 53 பேரில் 52 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அதற்குமுன் வைத்தியசாலையிற் படுத்திருந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே கட்டடமும் மருந்தைப் போலவே உயிர் காக்கவும் உயிர் போக்கவும் வல்லது என்க.

இதனை மனத்துட் கொண்டு எழுப்பப்பெற்றதே ருவாண்டா நாட்டின் வடபாலுள்ள புட்டாரோ மருத்துவமனை. அது புரேரா என்னும் மலைநாட்டு மாவட்டத்தில், உகாண்டாவின் எல்லைக்கு அணித்தாயுள்ளது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அம்மாவட்டத்தில் அதற்குமுன் ஒரு மாவட்ட மருத்துவமனையும் இருந்ததில்லை. அந்நாட்டுச் சுகாதார அமைச்சும் ‘பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்’ என்னும் தர்ம ஸ்தாபனமும் கூடி முயல, ‘மாஸ்’ என்னும் சிற்பக் குழுவார் வரைபடம் வகுத்தனர். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் அது திறக்கப்பட்டது. அப்போது அதிலிருந்த படுக்கைகள் ஏறக்குறைய 140.

அதன் அமைப்பைச் சற்று விரித்துரைப்போம். உள்ளே நடைக்கூடமே இல்லை. நம் வீடுகளின் தாழ்வாரம் போன்ற திறந்த வழிகள் கட்டடத்தின் வெளிப்புறத்தே ஓடுகின்றன. காத்திருப்போரும் வெளிக்காற்றிலேயே காத்திருப்பர். கூடங்களின் கூரை மிக உயர்ந்தது. தாழ்ந்த பலகணிகளின் வழியே புகும் குளிர்ந்த காற்று, சூடேறி மேலெழுந்து, கூரையை அடுத்த சாளரங்களின் வழியே வெளியேறும். அகன்ற பெரிய விசிறிகள் மெல்லச் சுழன்று அக்காற்றை மேலே தள்ள, அங்குள்ள புறஊதா விளக்குகள் கிருமிகளைக் கொல்லும். விளக்கும் விசிறியும் மின்சாரத்தை நம்பியவை, சாளரமோ அவ்வாறன்று.

இது வெறும் கற்பனையோ என ஐயுறுவார்க்கு ஒன்று சொல்லுவோம். பெரு நாட்டின் லீமா நகரத்து மருத்துவமனைகளில் நிகழ்த்திய ஓர் ஆராய்ச்சி 2007இல் வெளிவந்தது. கதவும் ஜன்னலும் திறந்த அறைகளில் மணிக்கு 28 தடவை காற்று மாறிற்று. இயந்திரத்தாற் காற்றூட்டிய அறைகளிலோ 12 தடவையே மாறிற்று. 1950க்கு முன் கட்டிய உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் உடைய பழங்கட்டடங்களே புதியவற்றினும் மேம்பட்டு விளங்கின! பழமையை இகழ்ந்து தாழ்ந்த கூரையிட்டு ஜன்னலை அடைத்துவிடும் நாகரிகத்தார் இதனைக் கருத்திற் கொள்வாராக.

புட்டாரோவில் நம் உள்ளத்தைக் கவர்ந்தது அதன் சுவரேயாகும். விருங்கா எரிமலைகள் பண்டைக்காலத்திற் கக்கிய கரிய துளைக்கற்கள் அந்நாட்டு வயல்களெங்கும் கிடக்கின்றன. உழவருக்கு அவை இடையூறு. பொறுக்கி வரப்பிற் குவிப்பர். அஸ்திவாரத்துக்கும் வேலிச்சுவருக்குமன்றி அவற்றை மதித்தார் இலர். மருத்துவமனை கட்டினோரோ அக்கல்லையே கட்டடத்தின் முகமாக்கினர். கொத்தர் ஒவ்வொரு கல்லையும் கையாற் செதுக்கி, அடுத்த கல்லோடு பொருத்தி, சாந்து வெளித்தோன்றாவண்ணம் உள்ளடக்கி அடுக்கினர். வண்ணம் பூசவும் உரியவும் வேண்டாத சுவர் அது. உள்ளூர்க் கலையைப் போற்றுவதாகச் சொல்லிக் கூடைமுடைவோரின் கோலத்தைச் சிமெண்டுச் சுவரின்மேல் எழுதிவிட்டு அமைவதும் எளிதாயிருந்திருக்கும். அது அலங்காரம், கைவினைஞனுக்கு அதனால் ஒரு நாட்கூலியும் இல்லை.

மண்ணைத் தோண்டுதற்கும் பேரியந்திரங்களை வருவியாமல் மண்வெட்டி பிடித்த மனிதரையே அமர்த்தினர். ஏறத்தாழ 4,000 பேர் அங்கு வேலை பெற்றனர். கட்டடப் பணத்தின் ஒரு பங்கு அம்மலையூர்க் குடிகளின் கையிலேயே தங்கிற்று. கல்லை நேர்த்தியாக இழைக்கக் கற்ற கொத்தர் அத்தொழிலைத் தம்முடன் கொண்டுசென்றனர்.

படுக்கைகளை இட்ட முறையும் சிறிது புதுமையே. சுவரோரம் வரிசையாக இட்டு ஒருவர் நோவை ஒருவர் பார்த்துக் கிடக்கச் செய்யாமல், கூடத்தின் நடுவே குறுஞ்சுவர் எழுப்பி அதன் இருபாலும் தலைமாடு வைத்தனர். ஆகவே நோயாளி கண் விழித்தால் ஜன்னலுக்கு அப்பாலுள்ள மலைச்சாரலைக் காண்பான்.

எனினும் நல்ல கட்டடம் மாத்திரம் வைத்தியரைத் தருமோ? தொலைவான அம்மலையில் வந்து தங்கி வாழ அவர்களுக்கு இல்லம் வேண்டும். அதனால் 2012இல் அருகிலேயே வைத்தியர் குடியிருப்பும் எழுந்தது. அதற்குரிய செங்கற்களைச் சூளையிலிட்டுச் சுடவில்லை. அவ்விடத்து மண்ணையே அழுத்தி வார்த்தனர். கீழ்ச்சுவருக்கு மறுபடியும் அக்கரிய கல்லே வந்தது.