தேதி மாறிய கூடைப்பந்து ஆட்டம்: நுழைவுச்சீட்டு, பேருந்து, விடுதி அறைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வசிக்கும் வாசகி ஒருவர், தாம் படித்த கல்லூரியின் மகளிர் கூடைப்பந்து அணி வெளியூரில் ஆடும்போதெல்லாம் பழைய தோழியர் மூவருடன் சென்று பார்ப்பவர். சென்னையில் ஒரு தனியார் கல்லூரி நடத்திய அழைப்புப் போட்டியில் அந்த அணி சனிக்கிழமை மாலை ஆடும் என்ற அட்டவணையை நம்பி, நால்வருக்கும் இணையவழியே நுழைவுச்சீட்டும், வெள்ளி இரவுக்குத் தனியார் பேருந்து இருக்கைகளும், விடுதி அறையும் தம் கணக்கிலிருந்து பணம் செலுத்திப் பதிவு செய்தார். புறப்பட இரண்டு மணி நேரம் இருக்கையில் பேருந்து ரத்தானதால் வாடகைக் காரில் சென்னை சேர்ந்தபோதுதான், அந்த ஆட்டம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது தெரியவந்தது. அட்டவணை மாறியதை அணிகளுக்கு மூன்று நாள் முன்பே தெரிவித்த அமைப்பாளர்கள், சீட்டு வாங்கியவர்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பவில்லை. "விற்ற சீட்டுக்குப் பணம் திருப்பித் தரப்படாது" என்ற நிபந்தனையைக் காட்டிப் பணம் தரவும் மறுக்கின்றனர். பேருந்து நிறுவனம் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்தது. இழப்பீடு கிடைக்குமா, வழக்கை எங்கே தொடுப்பது என்று கேட்கிறார்.

பதில்: வாசகியின் இழப்பு ஒரே பயணத்தில் நேர்ந்ததாயினும், சட்டத்தின் பார்வையில் அது மூன்று தனித்தனி ஒப்பந்தங்களிலிருந்து பிறந்தது. நுழைவுச்சீட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு மிக வலுவானது. பேருந்து ரத்தானதால் ஏற்பட்ட கூடுதல் செலவில் ஒரு பகுதியைக் கேட்க இடமுண்டு. விடுதி வாடகையைப் பொறுத்தவரை நிலைமை நம்பிக்கை தருவதாக இல்லை.

நுழைவுச்சீட்டைப் பற்றிப் பேசுமுன், இந்தியக் கல்லூரி விளையாட்டின் அமைப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரி அணியும் பருவம் முழுவதும் சொந்த அரங்கிலும் எதிரணியின் அரங்கிலும் மாறி மாறி ஆடுவதால், எந்த நாளில் எந்த ஊரில் யாருடன் ஆட்டம் என்பது பல மாதங்கள் முன்பே உறுதியாகிவிடுகிறது. 2023 அக்டோபர் 15 அன்று அயோவா பல்கலைக்கழக மகளிர் அணியின் திறந்தவெளி ஆட்டத்துக்கு 55,646 பேர் திரண்டதற்கு அத்தகைய முன்னறிவிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். இங்கோ இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் மண்டலப் போட்டிகளானாலும், 2022இல் பெங்களூருவில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளானாலும், அணிகள் அனைத்தும் ஓரிடத்தில் கூடிச் சில நாட்களுக்குள் ஆடி முடிக்கின்றன. ஒரு சுற்றின் முடிவு தெரிந்த பிறகே அடுத்த சுற்றில் யார் யாருடன் மோதுவார் என்பது தெளிவாகும். ஆகவே அரையிறுதிக்குச் சீட்டு வாங்கியவர், தாம் விரும்பும் அணி காலிறுதியிலேயே தோற்று வெளியேறினால், அதைக் குறையாகச் சொல்லிப் பணம் கேட்க முடியாது. அவர் வாங்கியது அந்த நாளின் ஆட்டத்தைப் பார்க்கும் உரிமையையே, குறிப்பிட்ட ஓர் அணியின் வெற்றியை அல்ல. வாசகியின் வழக்கு அவ்வகையைச் சேர்ந்ததல்ல. அணியின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை அமைப்பாளரே அச்சிட்டுச் சீட்டு விற்றபின், அந்த ஆட்டத்தையே முந்தைய நாளுக்கு மாற்றியிருக்கிறார்.

நுழைவுச்சீட்டு என்பது சட்டப்படி ஓர் உரிமம். அதாவது, பிறருடைய இடத்தில் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் குறிப்பிட்ட காலம் இருப்பதற்கான அனுமதி. 1845இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பணம் கட்டிச் சீட்டு வாங்கிய ஒருவர் வெளியேற்றப்பட்ட வழக்கில், உரிமத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று நீதிமன்றம் கடுமையாகவே கூறியது. இந்தியச் சட்டமன்றம் அந்தக் கடுமையை அப்படியே ஏற்கவில்லை: தமிழ்நாட்டுக்குப் பொருந்தும் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, விலை கொடுத்து உரிமம் பெற்றவர் தம் தவறு ஏதுமின்றி, உரிமையை முழுதும் அனுபவிக்கும் முன்பே வெளியேற்றப்பட்டால், உரிமம் தந்தவரிடம் இழப்பீடு பெறலாம் என்கிறது. வாசகியை யாரும் வெளியேற்றவில்லை என்பதால் அப்பிரிவின் சொற்கள் நேரடியாகப் பொருந்தா. எனினும் விலை பெற்றவர் உரிமையைப் பயனற்றதாக்கினால் ஈடு செய்ய வேண்டும் என்ற அதன் கருத்தை வாதத்தில் துணைக்கு அழைக்கலாம். நேரடியாகப் பொருந்துவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவே. காலம் இன்றியமையாததாகக் கருதப்பட்ட ஒப்பந்தத்தில் குறித்த வேளையில் கடமையை நிறைவேற்றாதவரோடு செய்த ஒப்பந்தத்தை மற்றவர் தம் விருப்பப்படி ரத்து செய்யலாம் என்கிறது அப்பிரிவு. ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கான சீட்டில் நாளும் நேரமும் இன்றியமையாதவை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைவிட எளிய வழியைத் திறக்கிறது. பணம் கொடுத்து ஒரு சேவையைப் பெறுபவர் நுகர்வோர். அவருடைய ஒப்புதலோடு அச்சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோரே என்பதால், வாசகி பணம் செலுத்திய தோழியர் மூவரும் அச்சொல்லுக்குள் அடங்குவர். சேவைக் குறைபாடு என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே தெரிவிக்காமல் விடுவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அட்டவணை மாறியதை மூன்று நாள் முன்பே அணிகளுக்குச் சொன்னவர்கள், சீட்டு வாங்கியோரின் அலைபேசி எண்களைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லாமல் விட்டது இவ்வழக்கின் வலுவான பகுதி. அவசரத்தால் மறந்துவிட்டோம் என்று அவர்கள் வாதிட்டாலும், கவனக்குறைவும் குறைபாடே என்பதால் அந்த வாதம் அதிக தூரம் செல்லாது.

"பணம் திருப்பித் தரப்படாது" என்ற நிபந்தனையைக் கண்டு வாசகி தயங்க வேண்டியதில்லை. ஆனால் அதை எதிர்க்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள் கொண்ட ஒப்பந்தத்தை 2019ஆம் ஆண்டுச் சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அழைக்கிறது. ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கோரும் புகாரை, தொகை எவ்வளவு சிறியதாயினும், மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்ய இயலாது. அது மாநில ஆணையத்துக்கே செல்ல வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காக மாநில ஆணையத்தின் படியேறுவது வீண் அலைச்சல். குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திருப்பித் தர மறுப்பது "நியாயமற்ற வணிக நடைமுறை" என்றும் அதே சட்டம் கூறுவதால், புகாரைச் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை ஆகிய இரண்டின் மீது மட்டும் அமைத்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். வழக்குரைஞர்கள் சிலரும் இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று தலைப்பிட்டுவிடுவதுண்டு.

பேருந்தைப் பொறுத்தவரை, கட்டணம் திரும்பக் கிடைத்ததோடு பொறுப்பு முடிந்துவிட்டது என்று நிறுவனம் சொல்வது சரியல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி, ஒப்பந்த மீறலிலிருந்து இயல்பாக விளையும் இழப்பையும், ஒப்பந்தம் செய்தபோதே இருதரப்பும் அறிந்திருந்த இழப்பையும் மீறியவர் ஈடு செய்ய வேண்டும். புறப்படவிருந்த இரவில் இருக்கை பறிபோனவர் வேறு வாகனம் தேடுவது இயல்பே. அதே பிரிவின் விளக்கவுரை, இழப்பைக் குறைக்க வாய்ப்பிருந்ததா என்பதையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. பெங்களூருவின் டின் ஃபேக்டரி பேருந்து நிறுத்தத்தில் அந்த இரவே வேறு பேருந்தில் இடம் இருந்தும் கார் எடுத்தார் என்று நிறுவனம் நிறுவினால், காருக்கும் பேருந்துக்கும் உள்ள வித்தியாசம் வாசகியின் தலையிலேயே விழும். இடம் இருக்கவில்லை என்பதற்கு அன்றிரவின் பதிவுச் செயலிப் படங்கள் இருந்தால் அவை பெரிதும் பயன்படும். பேருந்து இருக்கையை விற்ற இணையதளம் "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்று ஒதுங்கினாலும், 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி அது புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்கக் கடமைப்பட்டது. தான் ஒருதலையாக ரத்து செய்யும்போது அதே அளவு கட்டணத்தை ஏற்காத மின்வணிக நிறுவனம், நுகர்வோர் ரத்து செய்யும்போது மட்டும் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பதும் அவ்விதிகளில் உள்ளது. நடைமுறையில் அதை எத்தனை தளங்கள் மதிக்கின்றன என்பது வேறு விஷயம்.

ரயிலில் சென்றிருந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறும் வழக்கு ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும். எனினும் தாமதத்தால் விளைந்த பிற இழப்பை நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். தாமதத்துக்குக் காரணத்தை விளக்கி நிறுவாத வரை ரயில்வே இழப்பீடு தர வேண்டும் என்று சஞ்சய் சுக்லா வழக்கில் 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

விடுதி அறையின் கதை வேறு. 1902இல் லண்டனில் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பார்ப்பதற்கென்றே ஓர் அறை வாடகைக்கு எடுக்கப்பட்டு, மன்னரின் நோயால் ஊர்வலம் ஒத்திவைக்கப்பட்டபோது, ஒப்பந்தத்தின் அடிப்படையே அழிந்ததால் எஞ்சிய வாடகையைத் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. வாசகி எடுத்த அறை உறங்குவதற்கான அறை. ஜன்னலில் கூடைப்பந்துக் களம் தெரியும் என்று விடுதி எதையும் உறுதியளிக்கவில்லை. அவர் அங்கே தங்கவும் செய்தார். எனவே விடுதியிடம் கேட்க ஒன்றுமில்லை. அமைப்பாளரிடம் அதை ஒரு பின்விளைவு இழப்பாகக் கோரலாம் என்றாலும், வெளியூரிலிருந்து வருவோர் அறை எடுத்துத் தங்குவர் என்பதை அமைப்பாளர் அறிந்திருந்தார் என்று காட்டியாக வேண்டும். போட்டி விளம்பரத்திலேயே அருகிலுள்ள விடுதிகளின் பட்டியல் தரப்பட்டிருந்தால் அது உறுதியான சான்றாகும்.

வழக்கை எங்கே தொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் எளிது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ வழக்குக் காரணம் எழுந்த ஊரையோ தேட வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய அனுமதிக்கிறது. ஆகவே லிங்கராஜபுர முகவரிச் சான்றோடு பெங்களூரு நகர மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். சீட்டின் பின்புறம் "சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்று அச்சிட்டிருந்தாலும், இச்சட்டத்தின் தீர்வு பிற சட்டங்களுக்குக் கூடுதலானது என்று 100ஆம் பிரிவு சொல்வதால், அந்த அச்சு வாசகியைக் கட்டுப்படுத்தாது என்று வாதிடலாம். மாவட்ட ஆணையம் 50 லட்சம் ரூபாய் வரை செலுத்தப்பட்ட சேவைகளை விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, வழக்குரைஞரும் கட்டாயமில்லை, காணொலி வழியே விசாரணைக்கு விண்ணப்பிக்கவும் இடமுண்டு. முதலில் அமைப்பாளர், பேருந்து நிறுவனம், சீட்டு விற்ற தளங்கள் ஆகியோருக்கு 15 நாள் அவகாசத்தோடு விரைவஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகாரைப் பதிவு செய்வது நல்லது. அவர்களில் சிலர் அந்த நிலையிலேயே பணத்தைத் திருப்பிவிடக்கூடும். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். வாசகியும் தோழியர் மூவரும் ஒரே புகாரில் சேரலாம்.

வாசகி அடுத்துப் பார்க்க விரும்பும் பல்கலைக்கழகப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் இல்லையென்றால் நிலைமை தலைகீழாகும். இலவசச் சேவையை நுகர்வோர் சட்டம் சேவையாகவே கொள்வதில்லை என்பதால், ஆட்டம் நாள் மாறினாலும் ரத்தானாலும் அமைப்பாளர் மீது நுகர்வோர் புகார் நிற்காது; பார்வையாளர் மேடை சரிந்து காயமுற்றால் மட்டும், இடத்தின் பொறுப்பாளர் காட்ட வேண்டிய கவனத்தை அடிப்படையாகக் கொண்ட தீங்கியல் வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தொடரப்படலாம். அத்தகைய போட்டிகளுக்குச் செல்கையில், முதல் சுற்றின் முடிவு தெரியும்வரை ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதிவு செய்வதும், திரும்பும் பயணத்துக்கு நாள் மாற்ற வசதியுள்ள இருக்கையைத் தேர்வதும், அட்டவணையைப் புறப்படும் நாளில் கல்லூரி உடற்கல்வித் துறையிடம் கேட்டு உறுதி செய்துகொள்வதுமே கைக்கெட்டிய பாதுகாப்பு.