பழைய வருடத்தை அழிக்காதீர்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் உரக்கடை, வெங்காய மண்டி, லாரி ஆபீஸ் என்று எங்கே போனாலும் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது. "காலையில சாஃப்ட்வேர் திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது சார். டேட்டா ரொம்பிடுச்சாம். பழைய வருஷத்தை அழிச்சா சரியாயிடுமாம்." யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்துக் கடைக்காரர், கம்ப்யூட்டர் பார்க்க வந்த தம்பி என்று கை நீள்கிறது. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இந்தப் பேச்சு பொய். நம்பி நடந்தவர்கள் கணக்கைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள்.

இதைச் சோதிக்க யாரையும் கூப்பிட வேண்டாம். நாளைக் காலை கடை திறந்ததும் டேலியோ, மருந்துக்கடை பில்லிங்கோ, எதுவாக இருந்தாலும் திறந்து, எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். உள்ளே போய் ஒரு லெட்ஜரைப் புரட்டுங்கள். மூடுங்கள். உடனே மறுபடி திறங்கள். முதல் முறை மூன்று நிமிடம், மறுமுறை பத்து வினாடி என்றால் டேட்டாவின் மேல் பழி போடாதீர்கள். நடுவில் ஒரு பில்லைக்கூட நீங்கள் அழிக்கவில்லை. அதே பழைய வருடக் கணக்குதான் பத்து வினாடியில் வந்து நின்றது.

மாறியது ஒன்றே ஒன்று. முதல் முறை எல்லாம் ஹார்ட் டிஸ்கிலிருந்து வந்தது. இரண்டாம் முறை ரேமிலிருந்து வந்தது. ஒருமுறை படித்த கோப்பை, இடம் இருக்கிறவரை விண்டோஸ் ரேமில் வைத்திருக்கும். மண்டியில் கிடங்கு மூட்டையை முன்கடையில் அடுக்கிவைத்த மாதிரி. கம்ப்யூட்டரை அணைத்தால் முன்கடை காலி. காலையில் மறுபடி கிடங்கிலிருந்துதான் சுமக்க வேண்டும்.

அந்தச் சுமை எவ்வளவு என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். ஹார்ட் டிஸ்கில் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுக்கும். வேண்டிய இடம் படிக்கும் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, முள் நகர இன்னும் 9 மில்லி வினாடி. ஆக, சிதறிக் கிடக்கும் ஒரு துண்டை எடுக்க 13 மில்லி வினாடி. வினாடிக்கு 80 துண்டுகூடத் தேறாது. மென்பொருள் திறக்க 10,000 துண்டு வேண்டுமென்றால் இரண்டு நிமிடம் போய்விடும். அதே நேரத்தில் விண்டோஸ் அப்டேட்டும் ஆன்டிவைரஸும் அந்த ஒரே முள்ளைப் பிடித்து இழுக்கின்றன. எஸ்எஸ்டி போட்டால் இதே வேலை சில வினாடியில் முடியும். காசு செலவழிப்பதென்றால் முதலில் அங்கே செலவழியுங்கள்.

டேட்டா அப்படி என்ன ரொம்பிவிட்டது? ஒரு உரக்கடையில் நாளைக்கு 100 பில், பில்லுக்கு 5 வரி, வருடத்துக்கு 300 நாள் என்று வையுங்கள். ஒன்றரை லட்சம் வரி. வரிக்கு 500 பைட் என்று தாராளமாகவே வைத்தாலும் வருடத்துக்கு 75 எம்பி. எட்டு வருடத்துக்கு 600 எம்பி. உங்கள் பேரனின் பிறந்தநாள் வீடியோ அதைவிடப் பெரிதாக இருக்கும். பல பில்லிங் மென்பொருள்களுக்கு அடியில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரை அனுமதிக்கிறது. டேட்டா ஃபோல்டரின் அளவைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இரண்டாம் முறையும் அதே மூன்று நிமிடம் ஆகிறதென்றால், அப்போது டேட்டாவைச் சந்தேகப்படலாம். ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறதா என்று அதற்கும் முன்னால் சந்தேகப்பட வேண்டும். எதுவானாலும் முதல் வேலை பேக்கப். டேட்டா உண்மையிலேயே பெரிதாகிவிட்டால் ஆண்டு வாரியாகப் பிரித்து வைக்க வழி இருக்கிறது. அழிப்பதற்கு அவசியமே இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. நோட்டீஸ் வரும் நாளில், அழிக்கச் சொன்ன தம்பி போனை எடுக்க மாட்டார்.

காலையில் இழுப்பதற்கு இன்னொரு பெரிய காரணம் நம் கடைகளில் இருக்கிறது. அதை யாரும் பேசுவதே இல்லை. இரவு ஷட்டரை இழுக்கும்போது மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம். உள்ளே கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வயதான யுபிஎஸ் ஒரு முறை கத்திவிட்டுப் படுத்துவிடும். மறுநாள் டேட்டாபேஸ் எழுந்ததும் தன் பதிவேட்டைப் புரட்டி, முடிந்த பில்லை உறுதிசெய்து, பாதியில் நின்றதைத் திரும்ப எடுக்கிறது. உங்கள் கணக்கைக் காப்பாற்றத்தான் அந்த நேரம் போகிறது. அதைப் பொறுக்காமல் டாஸ்க் மேனேஜரில் போய் எண்ட் டாஸ்க் அடித்தால் அந்த வேலை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரலாம். கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்து, திரை அணைந்த பிறகு மெயினைத் தொடுங்கள்.

காலையில் மட்டுமல்லாமல் மதியச் சாப்பாடு முடிந்து வந்தாலும் முதல் திறப்பு இழுக்கிறதா? எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஆட்டோ குளோஸ் என்று ஒரு செட்டிங் வழக்கமாகவே ஆன் நிலையில் இருக்கும். கடைசி ஆள் வெளியே வந்ததும் டேட்டாபேஸ் தன்னைத்தானே மூடிக்கொள்ளும். அடுத்து வருகிறவருக்கு மறுபடி கிடங்கு வேலைதான். மென்பொருள் கொடுத்தவரிடம் அதை ஆஃப் செய்யச் சொல்லுங்கள். ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான்.

மற்றப் பேச்சுகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. அரியலூரில் எதற்கெடுத்தாலும் சிமென்ட் தூசியைச் சொல்வார்கள். தூசி அடைத்தால் சூடேறும், சூடேறினால் வேகம் குறையும், உண்மைதான். ஆனால் காலையில் பெட்டி சில்லென்று இருக்கிறது. தூசியின் கோளாறு மதியம் மூன்று மணிக்குத்தான் தெரியும். வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் அடிப்பது, பேக்கப் எடுக்காத கடையில் கொலைபாதகம். ஆன்டிவைரஸை எடுத்துவிடச் சொல்வதும் தப்பு. டேட்டா ஃபோல்டரை மட்டும் அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும். இரண்டு மூன்று கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் டேட்டா இருக்கும் பெட்டியை முதலில் போட்டு, அது முழுதாக எழுந்த பிறகு மற்றதைத் திறங்கள். இதைக்கூடச் சொல்லிக்கொடுக்காமல் கணக்குப் பார்க்கும் பெண்ணைக் காலங்காத்தாலே திட்டுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், அழிக்கப்படுவது கடைக்காரரின் கணக்கு மட்டும் இல்லை. செட்டிகுளம், பாடாலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவரும் வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளம், பருத்தி போடுகிறவரும் விதைப்பில் உரத்தைக் கடனுக்கு எடுத்து அறுப்பில் அடைக்கிறார்கள். அந்தப் பற்று வரவு பெரும்பாலும் கடையின் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. பழைய வருடம் போனால், போன போகத்தில் கட்டிய பணத்துக்கு அவர் கையில் என்ன ஆதாரம்? கடையில் "பழைய பாக்கி" என்று ஒரு தொகையைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆகவே உரக்கடைக்காரர்களும் மண்டிக்காரர்களும் இதையும் செய்யுங்கள். ஒவ்வொரு போகம் முடிந்ததும் விவசாயியின் லெட்ஜரை அவர் பெயரிலேயே ஒரு தாளில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுங்கள். பெரும்பாலான மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறது. பேக்கப்பை பென் டிரைவில் எடுத்து அதே மேசை டிராயரில் போடாமல், வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.