நூல் பந்தும் தலையாட்டிப் பொம்மையும்

இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு குரோஷா ஊசியும் ஓர் உருண்டை உல்லன் நூலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இது பெண்கள் வேலை ஆயிற்றே" என்று எண்ணும் மாணவர்கள் கட்டாயம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நானும் அப்படி எண்ணி இருந்தவன்தான்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். பொங்கல் விடுமுறைக்கு அங்குள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். என் தங்கையின் குழந்தைக்கு முதல் பிறந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் பிறந்த நாளன்று என் தாயார் தம் கையால் ஒரு நூல் பொம்மை பின்னிக் கொடுப்பது வழக்கம். இந்த முறை அவரால் முடியவில்லை. இரண்டு கண்களிலும் புரை. அறுவைக்கு நாள் குறித்திருந்தது. ஆனால் பிறந்த நாள் அதற்கு முன்பே வந்துவிடும்.

"நான் சொல்லச் சொல்ல நீங்க போடுங்க" என்றார் அம்மா. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் நானும் ஆளுக்கொரு ஊசியுடன் திண்ணையில் உட்கார்ந்தோம்.

நான் செய்த தவறு

குரோஷா பின்னலில் ஊசிமுனைக் கொக்கியால் நூலை இழுத்து, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். இவ்வாறு கோக்கும் ஒவ்வொன்றையும் இக்கட்டுரையில் 'கண்ணி' என்று சொல்வோம். முதலில் ஒரு சிறு வளையத்தில் 6 கண்ணிகள் போட வேண்டும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டால் 12 கண்ணிகள் ஆகும்.

இதுவரை சரியாகச் செய்தேன். 'இரண்டிரண்டாகப் போடுவதுதான் முறை போலும்' என்று எண்ணி, அம்மா சொல்வதைக் கேளாமல் எல்லாச் சுற்றிலும் அப்படியே போட்டுக்கொண்டு போனேன். ஐந்தாம் சுற்று முடிந்தபோது என் கையில் இருந்தது வட்டமன்று. கோழிக்கொண்டைப் பூப்போல நெளிந்து சுருண்ட ஒன்று! மகள் சிரித்தாள். அம்மா கண்ணால் பார்க்கவில்லை. விரலால் ஓரத்தைத் தடவினார்.

"ஏம்பா, எல்லாத்துலயும் ரெண்டு போட்டியா? சுத்துக்கு ஆறுதான் ஏறணும். அதுக்கு மேல ஏறினா கொசுவம் வெக்கும்."

சுற்றுக்கு ஏன் ஆறு? ஐந்தாகவோ எட்டாகவோ ஏன் இருக்கக்கூடாது? கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் இதை அம்மாவிடம் கேட்டேன். "எங்க அம்மா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். விடையை நாமே காண்போம்.

ஆறு எங்கிருந்து வந்தது?

நாம் போடும் சாதாரணக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம். அந்த அளவை ஓர் அலகு என்று கொள்வோம். முதல் சுற்றின் ஓரம் நடுவிலிருந்து 1 அலகு தூரத்திலும், இரண்டாம் சுற்றின் ஓரம் 2 அலகு தூரத்திலும் இருக்கும். n-ஆம் சுற்றின் ஆரம் n அலகு. தட்டையான வட்டத்தின் சுற்றளவு 2π × ஆரம் அல்லவா? எனவே n-ஆம் சுற்றில் 2πn, அதாவது சுமார் 6.28 × n கண்ணிகள் தேவை. ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குப் போகும்போது 6.28 கண்ணிகள் கூட வேண்டும். கால் கண்ணி போட முடியாது, ஆகவே 6.

அம்மா சொன்ன 'ஆறு' என்பது 2π தான்! ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், π என்ற எழுத்தை அறியாமலே ஐம்பது ஆண்டுகளாக அதைக் கையாண்டு வந்திருக்கிறார்.

என் பின்னல் ஏன் கெட்டது என்பதும் இப்போது விளங்கும். நான் போட்ட கண்ணிகள் 6, 12, 24, 48, 96. ஐந்தாம் சுற்றுக்குத் தேவை 31. நான் போட்டது 96. ஆரம் 5 அலகுதான். இவ்வளவு நீளமான ஓரம் அந்தச் சிறிய ஆரத்துக்குள் தட்டையாக அடங்காது. மேலும் கீழும் நெளிந்துதான் ஆக வேண்டும்.

இப்படி நெளியும் பரப்பைக் கணித அறிஞர்கள் அதிபரவளையப் பரப்பு என்பர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ருஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் போயாயும் இதற்குரிய வடிவ கணிதத்தை வகுத்தனர். ஆனால் அப்பரப்பைக் கையில் எடுத்து மடக்கிப் பார்க்க நல்லதொரு மாதிரி நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டைனா டைமினா என்ற கணித ஆசிரியை குரோஷா ஊசியால் அதைப் பின்னிக் காட்டினார். தவறிப்போய் நான் செய்ததை அவர் தெரிந்தே செய்தார்!

உருண்டையின் கணக்கு

ஆறுக்கு மேல் ஏறினால் நெளியும். ஆறுக்குக் குறைந்தால்? ஓரத்துக்கு நீளம் போதாது. பின்னல் கிண்ணம்போலக் குழியும்.

இதற்குப் பூமியையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை தரைமேல் அளந்தால் சுமார் 10,000 கிலோமீட்டர். பூமி தட்டையாக இருந்தால் அந்த ஆரத்துக்குச் சுற்றளவு சுமார் 62,800 கிலோமீட்டர் இருக்க வேண்டும். உண்மையில் நிலநடுக்கோட்டின் நீளம் சுமார் 40,000 கிலோமீட்டர்தான். இந்தக் குறைவே பூமி உருண்டை என்பதைச் சொல்லிவிடுகிறது.

பொம்மையின் உடலுக்கு அம்மா சொன்ன விதி இது: "ஆறு சுத்து ஏத்து. ஏத்தின சுத்தை விட ஒண்ணு கூட, ஏழு சுத்து சும்மாப் போடு. அப்புறம் ஆறாறா இறக்கு." கண்ணிகளின் எண்ணிக்கை வருமாறு: 6, 12, 18, 24, 30, 36; பிறகு 36 கண்ணிகளே கொண்ட 7 சுற்றுகள்; பிறகு 30, 24, 18, 12, 6. (இறக்குவது என்றால் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்ப்பது.)

'ஒன்று கூட' என்பது ஏன்? உருண்டையின் நடுச் சுற்றளவு 36 அலகு. ஒரு துருவத்திலிருந்து மறு துருவத்துக்குப் பரப்பின் வழியாகச் செல்லும் தூரம் அதில் பாதி, அதாவது 18 அலகு. ஆகவே மொத்தம் 18 சுற்றுகள் வேண்டும். ஏறுவதற்கு 6, இறங்குவதற்கு 5 போக மீதி 7. பொதுவாக, n சுற்றுகள் ஏற்றினால் நடுவில் 6n கண்ணிகள். மொத்தச் சுற்றுகள் 3n. அதில் ஏற்றம் n, இறக்கம் n − 1. மீதி 3n − n − (n − 1) = n + 1. அம்மாவின் விதி எந்த அளவு உருண்டைக்கும் பொருந்தும்!

ஆனால் என் மகள் ஒரு நல்ல சந்தேகம் எழுப்பினாள். "ஆயா சொல்ற மாதிரி போட்டா உருண்டை வராதே அப்பா, டப்பா மாதிரி இல்ல வரும்? மேலே ஒரு தட்டு, நடுவிலே குழாய், கீழே ஒரு தட்டு." அவள் கேட்டது சரியே. திரிகோண கணிதப்படி உண்மையான உருண்டைக்கு k-ஆம் சுற்றில் 36 sin (k × 10°) கண்ணிகள் வேண்டும். முதல் ஒன்பது சுற்றுகளுக்குக் கணக்கிட்டால் 6, 12, 18, 23, 28, 31, 34, 35, 36 என வருகிறது. முதல் மூன்று சுற்றுகள் அம்மாவின் கணக்கோடு ஒத்துப்போகின்றன. நான்காவதில் ஒன்றுதான் வேறுபாடு. ஐந்தாம் சுற்றிலிருந்து எட்டாம் சுற்று வரை அவர் கணக்கில் சில கண்ணிகள் கூடுதல்.

இந்தப் பிழையைச் சரிசெய்வது பின்னலின் நெகிழ்வு. வேட்டியையும் பனியனையும் இழுத்துப் பாருங்கள். இரண்டும் பருத்தி நூல்தான். வேட்டியில் இழைகள் நேராகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் அது நீள்வதில்லை. திருப்பூர்ப் பனியனில் நூல் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டுள்ளது. இழுக்கும்போது நூல் நீள்வதில்லை. வளையத்தின் வடிவமே மாறுகிறது. குரோஷாப் பின்னல் பனியன் அளவுக்கு நெகிழாவிட்டாலும் ஓரளவு இடம் கொடுக்கும். உள்ளே இலவம்பஞ்சை அடைத்ததும் அது எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. டப்பாவின் மூலைகள் உருண்டுவிடுகின்றன.

விழாத பொம்மை

உடலுக்கு 36 கண்ணி உருண்டை. தலைக்கு 24 கண்ணி உருண்டை. இரண்டையும் தைத்துத் தரையில் வைத்தோம். பொம்மை தலைகுப்புற விழுந்தது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைபோல எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்க வேண்டும் என்பது மகளின் ஆசை. புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பொம்மைக்கு அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும். இரகசியம் இந்த இரண்டில்தான் உள்ளது.

உருண்டையான அடிப்பாகத்தைச் சாய்த்தால், அது தரையைத் தொடும் புள்ளி எப்போதும் உருண்டையின் மையத்துக்கு நேர் கீழே இருக்கும். பொம்மையின் புவியீர்ப்பு மையம் உருண்டையின் மையத்துக்கு மேலே இருந்தால் எடை அதை மேலும் சாய்க்கும். இது உறுதியற்ற சமநிலை. கீழே இருந்தால் எடை அதை நிமிர்த்தும். இது உறுதிச் சமநிலை. இரண்டும் ஒன்றானால் சாய்த்த இடத்திலேயே நிற்கும். இது நடுநிலைச் சமநிலை.

எங்கள் பொம்மைக்குக் கணக்கிட்டோம். ஒரு கண்ணி 6 மில்லிமீட்டர். எனவே உடலின் ஆரம் சுமார் 3.4 சென்டிமீட்டர், தலையின் ஆரம் சுமார் 2.3 சென்டிமீட்டர். தைத்த பின் தலையின் மையம் உடலின் மையத்துக்கு 5.5 சென்டிமீட்டர் மேலே இருந்தது. தலையின் எடை 10 கிராம். கவிழ்க்கும் திறன் 10 × 5.5 = 55. அடியில் வைக்கும் களிமண்ணின் புவியீர்ப்பு மையம் உடலின் மையத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழே இருக்கும் எனக் கொண்டால், 55 ÷ 2 = 27.5 கிராமுக்கு மேல் களிமண் வேண்டும். நாங்கள், காய்ந்த பின் 50 கிராம் இருக்குமாறு வைத்தோம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நூல் பந்தின் அடி மென்மையானது. கனம் வைத்தால் சப்பையாகிவிடும். சப்பையான அடி உருளாது. ஆகவே டென்னிஸ் பந்தளவுள்ள பழைய பிளாஸ்டிக் பந்து ஒன்றைப் பாதியாக அறுத்து, அந்தக் கிண்ணத்தில் களிமண்ணை அப்பிக் காயவைத்து, துணியால் மூடித் தைத்து, பின்னலுக்குள் வைத்தோம். வாயை மூடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். கண்ணுக்குப் பொத்தானோ மணியோ தைக்காதீர்கள். பிய்த்து வாயில் போட்டால் சிறு குழந்தைக்கு மூச்சு அடைத்துவிடும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்தாலே போதும்.

பிறந்த நாளன்று குழந்தை பொம்மையை ஓங்கித் தட்டியது. பொம்மை சாய்ந்தது, ஆடியது, எழுந்து நின்றது. குழந்தை மறுபடியும் தட்டியது. அம்மாவுக்கு அது தெளிவாகத் தெரியவில்லை. "நிக்குதா?" என்று கேட்டார். "நிக்குது ஆயா" என்றாள் என் மகள். அம்மா பொம்மையைக் கையில் வாங்கி, உச்சியிலிருந்து அடிவரை விரலால் சுற்றுச் சுற்றாக எண்ணிப் பார்த்தார். "எட்டாம் சுத்துல ஒரு கண்ணு விட்டிருக்கீங்க. பரவாயில்ல" என்றார்.

மகள் அன்றிரவே தன் நோட்டுப் புத்தகத்தில் அம்மாவின் விதியை எழுதி, அதன் கீழே n + 1 என்று நிறுவியும் வைத்தாள். உங்கள் வீட்டிலும் ஒயர் கூடை பின்னுபவர், ஓலைப் பெட்டி முடைபவர், கோலம் போடுபவர் இருப்பார்கள். அவர்கள் விரல்கள் எண்ணும் எண்களைக் கேட்டு எழுதுங்கள். பிறகு 'ஏன்?' என்று கேளுங்கள்.

செய்து பாருங்கள், சிந்தியுங்கள்

1. 30 கண்ணி உருண்டைக்கு மொத்தம் எத்தனை சுற்றுகள் வேண்டும்? அவற்றில் ஏற்றாமல் இறக்காமல் போட வேண்டியவை எத்தனை?

2. நீளக் கண்ணி ஒன்றின் உயரம் அதன் அகலத்தைப்போல் இரு மடங்கு. தட்டையான வட்டம் பின்னச் சுற்றுக்கு எத்தனை கண்ணிகள் ஏற்ற வேண்டும்?

3. எங்கள் பொம்மையின் தலையில் 10 கிராம் எடையுள்ள தொப்பி வைத்தால் அது நிற்குமா? தொப்பியின் புவியீர்ப்பு மையம் உடலின் மையத்துக்கு 8 சென்டிமீட்டர் மேலே உள்ளது எனக் கொள்க.