ஒரே வலையமைப்பில் பல பதிப்புகள்: கணக்குச் சர்வரும் கடைக் கணினிகளும்

மொத்த வணிகக் கடையொன்றை எண்ணிப் பார்ப்போம். மாதந்தோறும் ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்வோருக்கு 11ஆம் நாள் கடைசி நாள். 10ஆம் நாள் மாலை, புதிதாகச் சேர்ந்த கணக்கர் தம் மேசையிலுள்ள பழைய கணினியில் பில்லிங் மென்பொருளைத் திறக்கிறார். தரவுத்தளத்துடன் இணைய இயலவில்லை என்று திரை அறிவிக்கிறது. கடவுச்சொல் சரியானதே. பக்கத்து மேசையில், அதே போன்ற கணினியில், பழைய ஊழியர் தம் பெயரில் தடையின்றி வேலை செய்துகொண்டிருக்கிறார். பழுது எங்கே இருக்கிறது?

கணக்கு விவரங்கள் யாவும் சர்வர் எனப்படும் ஒரு கணினியில் உள்ளன. மற்றக் கணினிகளில் இருப்பவை கிளையண்ட் நிரல்கள். சர்வரிடம் கேட்டுப் பெறுவதும் எழுதச் சொல்வதும் அவற்றின் பணி. இரண்டும் பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும். சர்வரை மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றினால், அம்மொழியின் சில சொற்கள் பழைய கிளையண்ட்டுக்கு விளங்காமற் போகும்.

சிறு நிறுவனங்களில் பரவலாக வழங்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். 2018இல் வெளியான அதன் 8.0 பதிப்பு, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இயல்புமுறையை மாற்றியது. 5.7இலிருந்து 8.0க்கு உயர்த்தும்போது ஏற்கெனவே இருந்த பயனர்கள் பழைய முறையிலேயே தொடர்வர். உயர்த்திய பின்னர் உருவாக்கப்படும் பயனருக்கே புதிய முறை பொருந்தும். பழைய டிரைவர் அம்முறையை அறியாது. ஆகவேதான் பழைய ஊழியர் உள்ளே செல்கிறார். புதியவர் வாசலில் நிற்கிறார்.

அந்தப் பயனரை மட்டும் பழைய முறைக்கு மாற்றிவிட்டால் அன்றைய வேலை நடந்துவிடும். தொழில்நுட்பர் பெரும்பாலும் செய்வதும் இதுவே. எனினும் இது கைமாற்றுக் கடன் போன்றது. 2024இல் வந்த 8.4 பதிப்பில் பழைய முறை இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, 9.0இல் அது அறவே நீக்கப்பட்டுவிட்டது. அடுத்த உயர்வின்போது கடை முழுவதும் ஒரே நாளில் வெளியே நிற்க நேரிடும். டிரைவரைப் புதுப்பிப்பதே நிலையான தீர்வு.

இணைய மறுக்கும் கணினியை விட, இணைந்தபின் பிழை செய்யும் கணினியே எமக்கு அதிகக் கவலை தருகிறது. மறுப்பு கண்ணுக்குத் தெரியும், பிழை தெரியாது. எழுத்துமுறையை ஒரு சான்றாகக் கூறலாம். 8.0க்கு முந்தைய பதிப்புகளில் இயல்பான எழுத்துமுறை லத்தீன்-1. அதில் தமிழுக்கு இடமில்லை. அம்முறையில் இணையும் பழைய கிளையண்ட், வாடிக்கையாளரின் தமிழ்ப் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளைக் காட்டும். அதைக் கண்டு எவரேனும் 'சேமி' பொத்தானை அழுத்தினால், கேள்விக்குறிகளே மெய்ப்பதிவாகிவிடும். அதன்பின் பெயரை மீட்கக் காப்பு நகல் ஒன்றே துணை.

அக்காப்பு நகலுக்கும் இதே இடர் உண்டு. சர்வர் 5.7ஆகவே இருக்க, நகலெடுக்கும் கணினியில் மட்டும் 8.0இன் நகலெடுப்புக் கருவியை நிறுவினால், பழைய சர்வரில் இல்லாத ஓர் அட்டவணையை அது தேடும். கிடைக்காமையால் பிழை கூறிப் பாதியில் நின்றுவிடும். இரவில் தானாக ஓடும் வேலையாயின் அப்பிழையை யாரும் காண்பதில்லை. காலையில் கோப்பு இருக்கும், அதில் தேதியும் இருக்கும், ஆனால் கணக்கு முழுமையாக இராது. கோப்பின் இறுதி வரியைத் திறந்து பாருங்கள்: நகல் முடிவுற்றது என்னும் ஆங்கிலக் குறிப்பு, இயல்பான அமைப்பில், நகல் முழுமையாக முடிந்தால்தான் அங்கே இருக்கும். வாரம் ஒருமுறை இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எதிர்த்திசையிலும் இடையூறு உண்டு. 8.0இல் எடுத்த நகலை 5.7இல் ஏற்ற முயன்றால், அது அறியாத வரிசைமுறைப் பெயரைக் கண்டு மறுத்துவிடலாம். பழைய சர்வருக்கு எந்நேரமும் திரும்பிவிடலாம் என்று எண்ணுவோர் இதை முன்னரே சோதித்துப் பார்ப்பது நலம்.

ஆகவே எந்த வரிசையில் மாற்றுவது? முதலில் ஒரு தாளில் ஒவ்வொரு கணினியின் பெயர், அதிலுள்ள டிரைவரின் பதிப்பு, அதைப் பயன்படுத்தும் மென்பொருள் ஆகியவற்றை எழுதுங்கள். பின்னர் கிளையண்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புதுப்பியுங்கள். புதிய டிரைவர் பழைய சர்வருடன் பேசுவது, பழைய டிரைவர் புதிய சர்வருடன் பேசுவதை விடப் பொதுவாக எளிது. சர்வரை இறுதியில் மாற்றுங்கள், அதுவும் மாதத்தின் 20ஆம் நாளுக்குப் பின், தாக்கல்கள் முடிந்த பிறகு. புதுப்பிக்கவே இயலாத பழைய மென்பொருள் ஒன்று இருப்பின், அதற்கென பழைய சர்வரைத் தனிக் கணினியிலோ, வழக்கமான 3306க்குப் பதிலாக வேறு போர்ட்டிலோ சில காலம் வைத்திருக்கலாம். அது கடையின் உள் வலையமைப்புக்குள் மட்டுமே இருக்கட்டும். இணையத்திற்குத் திறந்துவிட வேண்டாம்.

இன்னொன்று, வங்கி என்ற முறையில் நாங்கள் கூற வேண்டியது. அவசர மாலைகளில் பிழைச்செய்தியை இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட உதவி எண்ணை அழைப்போர் பலர். மறுமுனையில் இருப்பவர் திரைப் பகிர்வுச் செயலியை நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். சம்பளத் தொகை அனுப்பும் நெட் பேங்கிங்கும் பெரும்பாலும் அதே கணினியில்தான் இருக்கிறது. பணம் போய்விட்டதெனில் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து, உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். மென்பொருளை விற்றவரின் எண்ணை, மேற்சொன்ன தாளின் மேற்புறத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.