சிறுவன் நட்ட மரமும் அவன் எழுப்பிய கேள்வியும்

நற்காரியம் தொடங்குதற்கு வயது முதிரவேண்டும், பொருள் திரளவேண்டும் என்று காலங்கடத்துவோர் பலர். மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்னும் முதுமொழிக்குச் சான்றாக விளங்கும் ஜெர்மானியச் சிறுவனொருவனது சரிதத்தை நாம் ஈண்டு ஆராய்வோம்.

பெலிக்ஸ் பின்க்பைனர் என்பான் 1997-ம் ஆண்டு பிறந்தவன். 2007-ம் ஆண்டில், ஒன்பது வயதினனாய் நான்காம் வகுப்பிற் பயின்றபொழுது, பூமியின் வெப்பம் மிகுதலைப்பற்றிப் பேசுமாறு ஆசிரியர் பணித்தனர். தனக்கு மிகவும் பிரியமான பனிக்கரடிக்கு நேர்ந்த ஆபத்தை நினைந்தே அவன் ஆராயத் தொடங்கினான். அவ்வாபத்து மானிடர்க்கும் உரியதென்று விரைவிற் கண்டான். அப்பொழுது, கென்யா தேசத்தில் வங்காரி மாத்தாய் என்னும் பெருமாட்டியார் 1977-ல் தொடங்கிய இயக்கத்தால் முப்பதாண்டுகளில் மூன்று கோடி மரங்கள் நடப்பெற்ற செய்தியை அறிந்தான். ஒவ்வொரு நாட்டிலும் சிறுவர் பத்து இலட்சம் மரம் நடவேண்டுமெனக் கூறித் தன் பேச்சை முடித்தான்.

சொல்லோடு அவன் நின்றானல்லன். அவ்வாண்டு மார்ச்சு 28-ந் தேதி, தன் பள்ளியில் ஒரு காட்டு ஆப்பிள் மரத்தை நட்டான். பிற பள்ளிச் சிறாரும் அவனைப் பின்பற்றினர். 2010-ம் ஆண்டில் ஜெர்மனியில் அவர்கள் நட்டவை பத்து இலட்சத்தை எட்டின. மறு ஆண்டு, பதின்மூன்று வயதில், அவன் ஐக்கிய நாடுகளின் சபையிற் பேசினான்.

இனி, நாம் சிறப்பாகக் கருதத்தக்கது யாதெனில், உலகில் மரங்கள் எத்துணை உள என்று அச்சிறாரின் சங்கத்தார் எழுப்பிய கேள்வியே. முன்னர் 40,000 கோடி என்று மதித்திருந்தனர். யேல் சர்வகலாசாலையில் தாமஸ் கிரௌதர் முதலிய அறிஞர், நிலத்தில் நேரே எண்ணிய நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட இடங்களின் கணக்கை விண்வெளிப் படங்களோடு இணைத்து ஆராய்ந்தனர். ஏறத்தாழ மூன்று இலட்சம் கோடி மரங்கள் உள என 2015-ல் வெளியிட்டனர். மகிழத்தக்க எண்ணே, ஆயினும் மனிதர் உழவு தொடங்கிய காலந்தொட்டு மரங்களில் நூற்றுக்கு 46 பங்கு அழிந்தன எனவும், ஆண்டுதோறும் 1,500 கோடிக்கு மேல் அழிகின்றன எனவும் அவர்களே மதிப்பிட்டனர்.

அவ்வறிஞர் எதனை மரமெனக் கொண்டனர்? மார்பளவு உயரத்தில் 10 சென்டிமீட்டர் குறுக்களவேனும் உடைய அடிமரத்தையே. எனவே இன்று நட்ட கன்று அக்கணக்கிற் சேராது. பல்லாண்டு நீர்வார்த்து, வேலியிட்டு, ஆடுமாடு மேயாமற் காத்தபின்னரே அஃது எண்ணப்பெறும் தகுதியை அடையும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஈர்த்து மிகுதியாகத் தன்னுட் சேர்த்துவைப்பதும் அவ்வாறு வளர்ந்த மரமேயன்றி, நட்ட அன்று கைதட்டல் பெற்ற கன்றன்று.

இவ்வுண்மை அச்சங்கத்தையும் விட்டபாடில்லை. 2020-ம் ஆண்டிறுதியில் ஜெர்மானியப் பத்திரிகையொன்று, சங்கத்தாரின் மரக்கணக்கையும் மெக்ஸிகோ தேசத்தில் அவர் நட்டவற்றையும்பற்றி ஐயம் எழுப்பிற்று. சங்கத்தாரும் மறுமொழி கூறினர். நற்செயலாயினும் கணக்குக் கேட்கப்படுதல் முறையே. கேள்விக்கு அஞ்சாத தொண்டே நிலைக்கும்.

மாணாக்கர்களே! நாம் கல்லூரியில் வாழ்வது சில ஆண்டுகளே. நாம் நடும் மரமோ நமக்குப்பின் பலர்க்கு நிழல்தரும். ஆதலின், நூறு கன்று நட்டு மறப்பதினும் ஒன்றினை நட்டுப் பேணி, நாம் செல்லுங்கால் நீர்வார்க்கும் கடமையைப் பின்வருவார்க்கு ஒப்புவித்துச் செல்லுதல் நன்று. ஒன்பது வயதுச் சிறுவன் தொடங்கியதனைத் தொடர்ந்து காக்கும் பொறுமை நமக்கு வாய்ப்பதாக.