புதிய வீட்டில் கான் வெட்டுவது யார்?

உடப்புசல்லாவைத் தோட்டங்களில் லயன் கூரை ஒழுகினால் நாம் துரையிடம் முறையிடுவோம். தகரம் மாற்றுவது தோட்டத்தின் பொறுப்பு. 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு பெற்ற குடும்பத்துக்கோ முறையிட ஆளில்லை. இடம்பெயர்ந்து புதுவீட்டில் குடியேறிய நமக்கும் இதே நிலைதான்.

இப்பகுதியில் வடகீழ்ப் பருவமழையே பலமானது. அதற்கு முன், காய்ந்த காற்று வீசும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மூன்று வேலைகளை முடிப்போம்.

1. தகரத்தில் தளர்ந்த ஆணிகளை இறுக்குதல்.

2. பீலியை அடைத்த சருகுகளை அள்ளுதல்.

3. வீட்டின் பின்புறக் கானைத் துப்புரவாக்குதல். மேட்டு நீர் அத்திவாரத்தில் தேங்கக்கூடாது. தேயிலை மலையில் கான் வெட்டிய கைகளுக்கு இது புதிதல்ல.

மேட்டில் வெடிப்புக் கண்டாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலோ கான் வெட்டிப் பயனில்லை. உடனே வெளியேறி, 117 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்ததை மறக்கலாகாது.

கொழுந்து பறித்து, விறகு சுமந்து வந்த மனைவி ஒழுகும் இடத்தில் சட்டி வைப்பார். கணவர், “நாளைக்குப் பார்ப்போம்” என்பார். சண்டை அங்கேதான் ஆரம்பமாகிறது. மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்போம். செய்யவேண்டிய வேலையையும் செய்பவரின் பெயரையும் கலண்டரில் குறித்து வைப்போம்.

கலந்துரையாட:
நம் வீட்டில் தள்ளிப்போட்ட வேலை எது? அதன் சுமை யார் தலையில் விழுகிறது?